சதுரங்கப் புதிர்களை எந்த வரிசையில், எப்படிப் பயில்வது: அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காய்களை நகர்த்தத் தெரியும், தொடர்ந்து ஆடுகிறீர்கள், ஆனால் ரேட்டிங் (ஆட்ட வலிமையைக் காட்டும் புள்ளி) ஒரே இடத்தில் நின்றுவிட்டது என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது. இந்த நிலையில் இருப்பவர்கள் பலருடன் அமர்ந்து அவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் புதிர் போடாதவர்கள் அல்லர். தினமும் போடுகிறார்கள். அன்று மாலையே ஆட்டத்தில் ஒரு யானையைச் சும்மா கொடுத்துவிட்டு எழுகிறார்கள்.

காரணம் எளிது. புதிரைத் திறக்கும்போதே 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. ஆட்டத்தில் அதை யாரும் சொல்வதில்லை. எதிராளிக்கு ஏதோ இருக்கிறது என்பதையும் யாரும் சொல்வதில்லை. இந்த இடைவெளியை மூடும்படி பயிற்சியை அமைத்தால்தான் புதிர்கள் ரேட்டிங்காக மாறும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே. எந்தப் படியையும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம்.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதலில் கட்டங்களின் பெயர்கள் தடுமாறாமல் வர வேண்டும். நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். குறுக்கு வரிசைகள் 1 முதல் 8 வரை. பலகையைப் பார்க்காமல் 'எஃப்6 என்ன நிறம்?' என்று கேட்டால் 'கறுப்பு' என்று உடனே சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் ஒரு வாரம் இதற்கே ஒதுக்குங்கள். லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் கட்டங்களைப் பழகுவதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. பெயர் தெரியாத கட்டத்தை மனக்கண்ணில் நிறுத்த முடியாது. இரண்டாவது நகர்த்தலிலேயே காட்சி கலைந்துவிடும்.

அடுத்து, காய்களின் மதிப்பு: சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. இது தோராயக் கணக்குதான். ஆனால் ஒரு பரிமாற்றத்தின் முடிவில் லாபமா நஷ்டமா என்று சொல்ல இது போதும்.

உண்மையான பலகை ஒன்றும் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரையில் மட்டும் பயில்பவர்களுக்குப் பலகையில் ஆடும்போது கண் தடுமாறுகிறது. வாரத்தில் சில புதிர்களையாவது பலகையில் அடுக்கிப் போட வேண்டும்.

புதிர்களுக்கு லிசெஸ் போதும். அங்கே புதிர்கள் அளவின்றி இலவசம். வகைவாரியாகவும் பிரித்து எடுக்கலாம், எளிது முதல் கடினம் வரை அளவையும் மாற்றிக்கொள்ளலாம். செஸ்.காம் தளமும் நல்லதே. இலவசக் கணக்கில் தினசரி எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. எதுவானாலும் ஒரே தளத்தில் இருங்கள்.

2. தோல்விகளைப் பிரித்துப் பாருங்கள்

புதிரைத் தொடும் முன், கடைசியாகத் தோற்ற இருபது ஆட்டங்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆட்டம் கைவிட்டுப் போன முதல் நகர்த்தலைக் கண்டுபிடித்து மூன்று குவியல்களாகப் பிரியுங்கள்.

முதல் குவியல்: காவல் இல்லாத காயை எதிராளி ஒரே நகர்த்தலில் வெட்டினார், அல்லது ஒரே நகர்த்தலில் மேட் வைத்தார். இரண்டாவது: எதிராளியின் இரண்டு மூன்று நகர்த்தல் கொண்ட திட்டத்தை நீங்கள் பார்க்கவில்லை. மூன்றாவது: காய் எதுவும் திடீரென்று போகவில்லை, நிலை மெல்ல மெல்ல மோசமானது.

முதல் குவியல் பெரிதாக இருந்தால் அடுத்த படியில் அதிக நாள் நில்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். அவர்களில் பலர் நான்கு நகர்த்தல் ஆழமுள்ள புதிர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். உழைப்பு இருக்கிறது, ஆனால் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது.

3. காவலில்லாத காயைக் காணும் கண்

கூட்டுத் தாக்குதல்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் சாத்தியமாகின்றன: ஒரு காய்க்குக் காவல் இல்லை, அல்லது ராஜா திறந்து கிடக்கிறது. ஃபோர்க், கட்டு என்று எந்தப் பெயரைக் கற்பதற்கு முன்னும் இந்த இரண்டையும் பார்க்கும் கண் வேண்டும்.

பயிற்சி இப்படி: முடிந்துபோன எந்த ஆட்டத்தையும் எடுத்து, இருபதாவது நகர்த்தலில் நிறுத்துங்கள். இரு தரப்பிலும் காவலில்லாத காய்களை எல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு காவல் மட்டும் உள்ள காய்களைச் சொல்லுங்கள். அடுத்து ஒவ்வொரு ராஜாவும் எந்தெந்தக் கட்டங்களுக்குத் தப்ப முடியும் என்று எண்ணுங்கள். ஒரு நிலைக்கு ஒரு நிமிடம், ஒரு நாளைக்குப் பத்து நிலைகள். தீர்வு, மதிப்பெண் எதுவும் இதில் கிடையாது. அதனால்தான் பலரும் இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் முதல் குவியலைக் குறைப்பது இந்தப் பயிற்சிதான்.

ஒரு காய் பலமுறை தாக்கப்பட்டு, பலமுறை காக்கப்பட்டிருந்தால் எண்ணிப் பாருங்கள். தாக்குபவை மூன்று, காப்பவை இரண்டு என்றால் பெரும்பாலும் காய் போகும். ஆனால் எண்ணிக்கையோடு நிறுத்தக் கூடாது. எந்தக் காய் முதலில் வெட்டுகிறது என்பதும் முக்கியம். ராணியால் முதலில் வெட்டத் தொடங்கினால் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கு கைகொடுக்காது.

இதே கட்டத்தில் ஒரு நகர்த்தல் மேட் புதிர்களையும் போடுங்கள். இவை சிறுவர்களுக்கானவை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ராஜாவின் தப்பும் கட்டங்களை முழுமையாக எண்ணும் பழக்கத்தை இவற்றைப் போல வேறெதுவும் தருவதில்லை.

4. வடிவங்களைத் தனித்தனியாகக் கற்றல்

இப்போது வகைவாரியான புதிர்களுக்கு வரலாம். கலவையாகப் போடாமல் ஒரு வகைக்கு ஒரு வாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வடிவத்தை அடுத்தடுத்து ஐம்பது முறை பார்க்கும்போதுதான் அதன் எலும்புக்கூடு மனதில் பதியும். கடின அளவைக் குறைத்தே வையுங்கள்.

நான் பரிந்துரைக்கும் வரிசை: ஃபோர்க், கட்டு, ஸ்கியூவர், திறப்புத் தாக்குதல், காவலை அகற்றுதல், கடைசி வரிசை மேட் (தன் சிப்பாய்களுக்குப் பின்னால் கடைசி வரிசையில் அடைபட்ட ராஜாவுக்கு வைக்கும் மேட்), காவல்காரரை இழுத்துச் செல்லுதல், இரண்டு நகர்த்தல் மேட்.

ஃபோர்க் என்பது ஒரே காய் ஒரே நேரத்தில் இரண்டைத் தாக்குவது. இதில் குதிரையின் ஃபோர்க்கைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். ஒரு உதவிக் குறிப்பு: குதிரை எந்த நிறக் கட்டத்தில் நிற்கிறதோ, அதற்கு மாறான நிறக் கட்டங்களையே தாக்கும். ஆகவே அது ஒரே நேரத்தில் தாக்கும் இரண்டு காய்களும் எப்போதும் ஒரே நிறக் கட்டங்களில்தான் நிற்கும். எதிராளியின் ராஜாவும் ராணியும் ஒரே நிறத்தில் நின்றால் கண் அங்கே போகட்டும். 1966-ஆம் ஆண்டு உலக சாம்பியன் போட்டியின் பத்தாவது ஆட்டத்தில் பெட்ரோசியன், ஸ்பாஸ்கிக்கு எதிராகத் தன் ராணியை எச்8 கட்டத்துக்குக் கொண்டுபோய் செக் வைத்தார். ராஜா அதை வெட்டினால் குதிரை எஃப்7-இல் இருந்த யானையை வெட்டி செக் வைக்கும், அதே நேரத்தில் ஜி5-இல் இருந்த ராணியையும் தாக்கும். ஸ்பாஸ்கி அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். எச்8, ஜி5 இரண்டும் கறுப்புக் கட்டங்கள். எஃப்7 வெள்ளை. ராஜாவை அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு இழுப்பதற்காகத்தான் ராணி கொடுக்கப்பட்டது.

கட்டு என்பது, பின்னால் நிற்கும் பெரிய காயின் காரணமாக முன்னால் நிற்கும் காய் நகர முடியாமல் போவது. பின்னால் ராஜா நின்றால் அந்தக் காய் அந்தக் கோட்டை விட்டு விதிப்படியே விலக முடியாது. பின்னால் ராணி நின்றால் நகரலாம், ஆனால் விலை கொடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டை மனதில் இருத்துங்கள். 'கட்டுண்ட காய் நகராது' என்று நம்பி ஆடுபவர்கள் எப்படி மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை அடுத்த படியில் பார்ப்போம். இன்னொன்று: ராஜாவோடு கட்டுண்ட காய் காக்கும் காவல் பல நேரங்களில் பெயரளவுக்குத்தான். கோட்டுக்கு வெளியே அது வெட்ட முடியாது. எனவே அது காக்கும் காய் உண்மையில் காவலில்லாத காய்.

ஸ்கியூவர் இதன் தலைகீழ். பெரிய காய் முன்னால், சிறியது பின்னால். இதற்கு அதிக நேரம் தேவைப்படாது.

திறப்புத் தாக்குதலில் ஒரு காய் விலக, அதன் பின்னால் இருந்த காயின் பாதை திறக்கிறது. விலகும் காயும் செக் வைத்தால் அது இரட்டைச் செக். அப்போது எதிராளி எதையும் வெட்டித் தப்பிக்கவோ நடுவில் தடுக்கவோ முடியாது, ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். இதைப் பலகையில் அடுக்கிப் பாருங்கள். வெள்ளை: ராணி சி4, குதிரை எஃப்7, ராஜா ஜி1. கறுப்பு: ராஜா ஜி8, யானை எஃப்8, சிப்பாய்கள் ஜி7, எச்7. குதிரை எச்6-க்குப் போனால் குதிரையும் ராணியும் சேர்ந்து செக். குதிரையை ஜி7 சிப்பாயால் வெட்ட முடியாது, ராணியின் செக் மிச்சம் இருக்கிறது. ராஜாவுக்கு எச்8 மட்டுமே கதி. இப்போது ராணி ஜி8-க்குப் போய் செக் வைக்கிறது. குதிரை அதைக் காப்பதால் ராஜா வெட்ட முடியாது, யானைதான் வெட்ட வேண்டும். அடுத்து குதிரை மீண்டும் எஃப்7-க்கு வர, தன் காய்களாலேயே மூச்சடைக்கப்பட்ட ராஜா மேட். இதைப் படித்துக் கடந்துவிடாமல் கையால் நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் 'வேறு வழி ஏன் இல்லை?' என்று கேளுங்கள்.

காவலை அகற்றுதலும் இழுத்துச் செல்லுதலும் ஒரே கேள்வியிலிருந்து பிறப்பவை: இந்தக் காய் எத்தனை வேலைகளைப் பார்க்கிறது? ஒரே யானை கடைசி வரிசையையும் காத்து, ஒரு குதிரையையும் காத்தால், இரண்டில் ஒன்றை அது கைவிட வேண்டிவரும். குதிரையை வெட்டுங்கள். யானை திரும்ப வெட்டினால் கடைசி வரிசை காலி.

5. ஒரு புதிரை எப்படிப் போடுவது

இதுவே இந்த வழிகாட்டியின் நடுத்தூண். புதியவர்கள் அதிகம் இடறுவதும் இங்கேதான். முதலில் கண்ணில் படும் செக்கை வைத்துவிட்டு, தளம் பச்சை காட்டுகிறதா சிவப்பு காட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். பச்சை என்றால் அடுத்த நகர்த்தலை அப்போது யோசிக்கிறார்கள். அது கணக்கிடுதல் அல்ல. ஆட்டத்தில் அந்தப் பச்சை விளக்கு இருக்காது.

ஒவ்வொரு புதிரிலும் இந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள்.

முதலில் காய்க் கணக்கு. யாரிடம் அதிகம்? நீங்கள் ஒரு யானை பின்தங்கியிருந்தால், ஒரு சிப்பாயைப் பெறுவது விடையாக இருக்காது.

இரண்டாவது, எதிராளியின் மிரட்டல். 'இப்போது அவர் நகர்த்தும் முறையாக இருந்தால் என்ன செய்வார்?' புதிரில் இந்தக் கேள்வி தேவையில்லை போலத் தோன்றும். ஆட்டத்துக்கு எடுத்துச் செல்லும் பழக்கம் என்பதால் இங்கேயே கேளுங்கள்.

மூன்றாவது, காவலில்லாத காய்கள், ராஜாக்களின் தப்பும் வழிகள். மூன்றாம் படியில் பழகியது இங்கே கைகொடுக்கும்.

நான்காவது, செக், வெட்டு, மிரட்டல் என்ற வரிசையில் எல்லா நகர்த்தல்களையும் பட்டியலிடுங்கள். அபத்தமாகத் தோன்றுவதையும் விடாதீர்கள். செக் வைத்தால் எதிராளிக்கு வழிகள் மிகக் குறைவு, வெட்டினால் சற்றுக் கூடுதல், மிரட்டினால் இன்னும் கூடுதல். வழிகள் குறைந்த இடத்திலிருந்து தொடங்கினால்தான் கணக்கு எளிதாகும்.

ஐந்தாவது, உங்கள் நகர்த்தலுக்கு எதிராளியின் மிகச் சிறந்த பதிலைத் தேடுங்கள். உங்களுக்குப் பிடித்த பதிலை அல்ல.

இதற்கு ஒரு பழைய உதாரணம். வெள்ளை சிப்பாய் இ4, கறுப்பு சிப்பாய் இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்பு சிப்பாய் டி6. வெள்ளை பிஷப் சி4, கறுப்பு பிஷப் ஜி4. வெள்ளையின் இன்னொரு குதிரை சி3, கறுப்பு சிப்பாய் ஜி6. எஃப்3-இல் உள்ள குதிரை தன் ராணியோடு கட்டுண்டு நிற்கிறது. ஆனாலும் அது இ5 சிப்பாயை வெட்டுகிறது.

கறுப்பு பிஷப் டி1-இல் உள்ள ராணியை வெட்டினால்: வெள்ளை பிஷப் எஃப்7 சிப்பாயை வெட்டி செக். ராஜா இ7-க்குத்தான் போக முடியும். அடுத்து குதிரை டி5, மேட். சரி, கறுப்பு ஆட்டக்காரர் அந்த ராணியை வெட்டாமல் டி6 சிப்பாயால் குதிரையை வெட்டினால்? வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை வெட்டும். குதிரை போய் பிஷப் வந்தது, மேலே ஒரு சிப்பாய் லாபம். இரண்டு பதில்களுக்கும் விடை இருப்பதால் இந்தத் தாக்குதல் சரியானது.

இப்போது ஒரே ஒரு மாற்றம். கறுப்பு நான்காவது நகர்த்தலில் ஜி6 ஆடாமல் குதிரையை சி6-க்குக் கொண்டுவந்திருக்கிறது. வெள்ளை அதேபோல இ5-இல் வெட்டுகிறது. கறுப்பு ஆட்டக்காரர் வெள்ளை ராணியைத் தொடவே இல்லை. சி6 குதிரையால் இ5-இல் வெட்டுகிறது. அந்தக் குதிரை இப்போது ஜி4 பிஷப்பையும் காக்கிறது, சி4 பிஷப்பையும் தாக்குகிறது. வெள்ளைக்கு ஒரு சிப்பாய்க்காக ஒரு குதிரை நஷ்டம். படம் கிட்டத்தட்ட ஒன்றுதான், முடிவு நேர்மாறு. வடிவத்தை அடையாளம் காண்பது பாதி வேலை. சிறந்த பதிலைச் சோதிப்பது மறு பாதி. மேட் வடிவத்தை மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாவது நிலையில்தான் குதிரையை இழக்கிறார்கள்.

கடைசியாக, கணக்கிட்ட வரிசையின் முடிவில் நின்று மீண்டும் காய்களை எண்ணுங்கள். அதன் பிறகே முதல் நகர்த்தலைச் செய்யுங்கள்.

நேரம்? எளிய வகைப் புதிருக்கு இரண்டு நிமிடம் வரை. கடினமானதற்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் பிடிவாதம் வேண்டாம், விடையைப் பார்த்து அடுத்த படியைச் செய்யுங்கள்.

6. தவறிய புதிரை என்ன செய்வது

தவறிய புதிர்தான் பயிற்சியின் மிக மதிப்புள்ள பகுதி. பலர் விடையைப் பார்த்து 'ஓ, சரிதான்' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். அப்படிப் போனால் அடுத்த மாதம் அதே வடிவத்தில் மீண்டும் தவறுவார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்கள்: ஏன் தவறியது? பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். அந்த நகர்த்தல் மனதுக்கே வரவில்லை. வந்தது, ஆனால் எதிராளியின் ஒரு பதிலைப் பார்க்கவில்லை. கணக்கிடும்போது ஒரு காய் எங்கே நிற்கிறது என்பது மறந்துவிட்டது. அவசரப்பட்டாயிற்று.

நான்குக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு அந்த வடிவத்தின் எளிய புதிர்கள். இரண்டாவதற்கு ஐந்தாம் படியை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்றுதல். மூன்றாவதற்குக் காய்களைத் தொடாமல் பலகையைப் பார்த்து மூன்று நகர்த்தல் வரை வாய்விட்டுச் சொல்லும் பயிற்சி. நான்காவதற்கு எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தல். இரண்டு வாரம் எழுதினால் எது உங்கள் நோய் என்று தெரிந்துவிடும்.

7. அதே புதிர்களைத் திரும்பப் போடுதல்

எளிய, நடுத்தரப் புதிர்கள் இருநூறு அல்லது முந்நூறைத் தேர்ந்து ஒரு தொகுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றை முடிக்க ஒரு மாதம் ஆகலாம். சில நாள் இடைவெளி விட்டு அதே தொகுப்பை இரண்டாம் முறை போடுங்கள். பிறகு மூன்றாம் முறை. ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதி நேரத்தில் முடிய வேண்டும்.

'விடை மனப்பாடம் ஆகிவிடுமே' என்று கேட்பார்கள். ஆகட்டும். வடிவம் கண்ணில் பதிய வேண்டும் என்பதுதான் நோக்கம். 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்ட நிலை ஒன்றைச் சில நொடிகள் மட்டும் காட்டினால் வல்லுநர் அதைப் புதியவரை விட மிக நன்றாக நினைவிலிருந்து அடுக்கினார். காய்களை ஒழுங்கின்றிச் சிதறி வைத்தால் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. அவருடைய பலம் பொதுவான நினைவாற்றலில் இல்லை, அறிந்த வடிவங்களில் இருந்தது. அந்த இருப்பைச் சேர்க்கத்தான் இந்தச் சுற்றுகள்.

ஒரு எச்சரிக்கை. இரண்டாம் சுற்றில் விடை நினைவுக்கு வந்தாலும், அது ஏன் சரி என்பதை மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

8. கலவைப் புதிர்களும் வேகப் புதிர்களும்

வகைவாரியான சுற்று முடிந்த பிறகே கலவைக்கு வாருங்கள். வகையின் பெயரே பாதி விடையைச் சொல்லிவிடுவதால், பெயர் இல்லாத புதிர்களையும் பழக வேண்டும். பத்தில் ஏழு அல்லது எட்டு சரியாக வரும் கடின அளவை வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் தவறினால் கற்பதை விட ஊகிப்பதே அதிகமாகும்.

புதிர் ரேட்டிங்கைப் பார்க்காதீர்கள். அது ஆட்ட ரேட்டிங்கை விடப் பல நூறு புள்ளிகள் அதிகமாக இருப்பது சாதாரணம், இரண்டையும் ஒப்பிடக் கூடாது. லிசெஸில் ரேட்டிங் கணக்கில் சேராமல் புதிர் போடும் வசதி உண்டு. அந்த எண் உங்களை அவசரப்படுத்தினால் அதை அணைத்துவிடுங்கள்.

மூன்று நிமிடத்தில் முடிந்த அளவு புதிர் போடும் பசில் ஸ்டார்ம், பசில் ரஷ் போன்றவை ஏற்கெனவே தெரிந்த வடிவங்களை வேகமாக அடையாளம் காண உதவும். புதிதாக எதையும் கற்றுத் தராது. நாளுக்கு ஒன்றிரண்டு சுற்று போதும். ஒரு மணி நேரம் இதிலேயே கழிப்பவர்களிடம் ஊகித்து நகர்த்தும் பழக்கம் வளர்வதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

9. ஆட்டத்துக்குள் கொண்டுபோதல்

இந்தப் படியைச் செய்யாதவர்களுக்கு மேலே உள்ள எட்டும் பயன்படாது.

மெதுவான ஆட்டம் ஆடுங்கள். பதினைந்து நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பத்து நொடி கூடுதலும் குறைந்தபட்சம். மூன்று நிமிட ஆட்டத்தில் புதிய பழக்கம் எதுவும் உருவாகாது. யோசிக்க நேரம் இல்லாதபோது கை பழைய வழிக்கே போகும்.

எதிராளி நகர்த்தியதும் ஒரே கேள்வி: 'இந்த நகர்த்தலால் என்ன மாறியது?' அந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது, எந்தப் பாதை திறந்தது, முன்பு அது காத்த எது இப்போது காவலற்றுப் போனது? இந்த மூன்றாவது பகுதியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உங்களுக்கு வாய்ப்பு தருவதும் அதுதான்.

நீங்கள் நகர்த்தும் முன் இன்னொரு கேள்வி: 'இதை ஆடினால் அவருக்கு என்ன செக், என்ன வெட்டு, என்ன மிரட்டல் இருக்கிறது?' ஐந்து முதல் பத்து நொடி போதும். ஒவ்வொரு நகர்த்தலிலும் கேட்க வேண்டும். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது இதை விட்டுவிடுவதால்தான் வென்ற ஆட்டங்கள் கைநழுவுகின்றன.

எல்லா நகர்த்தலிலும் ஆழமாகத் தேட நேரம் இருக்காது. மூன்று அறிகுறிகளில் ஏதாவது தெரிந்தால் மட்டும் நின்று தேடுங்கள்: எதிராளியிடம் காவலில்லாத காய்கள் இரண்டு, தப்ப வழியற்ற ராஜா, அல்லது ஒரே கோட்டில் வரிசையாக நிற்கும் பெரிய காய்கள். புதிரில் யாரோ சொல்லித் தந்த 'இங்கே ஏதோ இருக்கிறது' என்பதை ஆட்டத்தில் இந்த அறிகுறிகள்தான் சொல்லும்.

10. ஆட்டம் முடிந்த பின்

கணினி ஆய்வை உடனே திறக்காதீர்கள். முதலில் நீங்களே ஆட்டத்தை ஒருமுறை ஓட்டி, எங்கே தடுமாறினீர்கள், என்ன நினைத்து நகர்த்தினீர்கள் என்று எழுதுங்கள். பிறகு ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க மென்பொருள் சொல்வதோடு ஒப்பிடுங்கள். நீங்கள் நினைத்ததும் உண்மையும் எங்கே பிரிகின்றன என்பது இந்த வரிசையில் செய்தால்தான் தெரியும். எடுத்த உடனே ஸ்டாக்ஃபிஷ்ஷைப் பார்த்தால் எல்லாமே முன்பே தெரிந்தது போலத் தோன்றும்.

தவறவிட்ட ஒவ்வொரு வாய்ப்பையும், எதிராளி தவறவிட்டவற்றையும் சேர்த்து, உங்கள் சொந்தப் புதிராக நோட்டில் வரைந்து வையுங்கள். மாதம் ஒருமுறை அவற்றைப் போடுங்கள். இவை உங்கள் தொடக்க ஆட்டங்களிலிருந்து பிறந்த நிலைகள் என்பதால் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருபது தோல்விகளை மீண்டும் குவியல்களாகப் பிரியுங்கள். முன்னேற்றத்துக்கு ரேட்டிங்கை விட இது நம்பகமான அளவுகோல். ரேட்டிங் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், முதல் குவியல் சிறுத்தால் அது உறுதியான மாற்றம்.

11. ஒரு வார அட்டவணை

நாளுக்கு நாற்பது நிமிடம் கிடைக்கும் ஒருவருக்கு இதைப் பரிந்துரைப்பேன். ஐந்து நாட்கள்: பத்து நிமிடம் காவலில்லாத காய்ப் பயிற்சி, இருபது நிமிடம் வகைப் புதிர் அல்லது தொகுப்புச் சுற்று, பத்து நிமிடம் தவறியவற்றைத் திரும்பப் பார்த்தல். மீதி இரண்டு நாட்கள்: ஒரு மெதுவான ஆட்டம், அதன் ஆய்வு.

நேரம் குறைவாக உள்ள நாளில் எண்ணிக்கையைக் குறையுங்கள், முறையைக் குறைக்காதீர்கள். ஐந்தாம் படியின் ஒழுங்கோடு போட்ட நான்கு புதிர்கள் ஊகித்துப் போட்ட நாற்பதை விட மேல். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்று சேர்த்து வைப்பதும் வேண்டாம். தினமும் சிறிது நேரம் பார்ப்பதால்தான் கண் பழகுகிறது.

12. தொடக்க ஆட்டம், இறுதியாட்டம் எவ்வளவு?

மூன்றாவது குவியல் பெரிதாகும் வரை இவற்றுக்கு அதிக நேரம் தேவையில்லை. வெள்ளைக்கு ஒரு தொடக்கம், கறுப்புக்கு இரண்டு: இ4-க்கு ஒன்று, டி4-க்கு ஒன்று. நடுக்கட்டங்களைப் பிடிப்பது, குதிரை, பிஷப்புகளை வெளியே கொண்டுவருவது, சீக்கிரம் கேஸ்லிங் செய்வது என்ற அளவில் ஆடினால் போதும். பதினைந்து நகர்த்தல் வரை மனப்பாடம் செய்தவர் பதினாறாவதில் குதிரையைக் கொடுத்தால் அந்த உழைப்பு வீண்.

இறுதியாட்டத்தில் ராணியை மட்டும் வைத்தும், யானையை மட்டும் வைத்தும் தனி ராஜாவை மேட் செய்வது, ஒரு சிப்பாயும் ராஜாவும் எதிர் ராஜாவோடு மோதும்போது எப்போது வெற்றி எப்போது சமன் என்பது, இவை கட்டாயம். புதிர்ப் பயிற்சியால் ஒரு காய் லாபம் வரத் தொடங்கியதும், அந்த லாபத்தை வெற்றியாக்கத் தெரியாமல் சமனாக விடுபவர்களை நிறையப் பார்க்கலாம். காய் லாபம் உள்ளவர் காய்களைப் பரிமாறிக்கொண்டே போக வேண்டும், சிப்பாய்களைக் கூடுமானவரை வைத்துக்கொள்ள வேண்டும். இதைப் பழக, லிசெஸில் ஒரு யானை அதிகமுள்ள நிலையை அடுக்கி, கணினியை எதிர்த்து வெல்லும் வரை ஆடிப் பாருங்கள்.